நடுவாந்திரத்துக் குழலியக்கா

செவ்வாய்க்கிழமை என்றால் குழலியக்கா வடக்குக் கதவு வழியாக வெளியே வருவார். இலைக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு பழைய வாய்க்காலைத் தாண்டி, செங்கரைப்பேட்டை டீக்கடையில் நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டு, அங்கிருந்தே மினி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வருவார். புதன்கிழமை தெற்குக் கதவு. புது வாய்க்கால், ஆலந்திட்டு டீக்கடை, அந்த ஊர் ஷேர் ஆட்டோ. வியாழன் மறுபடியும் வடக்கு. ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரிலும் டீ கிடையாது. "வாரத்துல ஒரு நாள் மிச்சம் விழுதுங்களே, அதை யாருக்குன்னு குடுக்கறது? அன்னைக்கு வீட்டிலேயே வரக்காப்பி போட்டுக்குவேன்" என்பார். இந்தச் சித்திரையில் அவ்வளவு நடந்த பிறகும், புருஷன் போய்த் தனியாக ஆன பிறகும், இந்தக் கணக்கை அவர் விடவில்லை.

முழுப் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டையைச் சுற்றி இருப்பவர்கள் பெண் பிள்ளைக்கு ஆசையாக வைக்கிற அம்மன் பெயர். பிறந்தது பாலக்கரை, அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளமான, உறுதியான உடம்பு. எந்த நிறத்தில் புடவை வாங்கினாலும் வாழைக்கறை ஏறி ஆறு மாதத்தில் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். நீளக் கம்பின் நுனியில் கட்டிய கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தால் இலை கிழியாமல் கைக்கு வந்து சேரும். நானும் ஒரு நாள் இழுத்துப் பார்த்தேன். இலையும் கிழிந்தது, என் வெள்ளைச் சட்டையும் பாழாயிற்று. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கறை போகாது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீநாத் நடத்துகிற மெஸ்ஸுக்கு அவர்தான் இலை போடுகிறார். மூன்று வேளையும் அந்த மெஸ்ஸில் விழுந்து கிடக்கிற பேர்வழி நான். அப்படித்தான் பழக்கம். முதல் முறை "எந்த ஊருக்கா?" என்று கேட்டபோது "பாலக்கரைங்க" என்றார். பாலக்கரையில் ஏது வாழைத் தோட்டம் என்று ஸ்ரீநாத்தைக் கேட்டேன். "அந்த அம்மாகிட்ட ஊர் மட்டும் கேக்காதீர்" என்றார் அவர். கேட்காதே என்றால் கேட்டுத் தீர்ப்பது என் ஜாதகம். அடுத்த வாரமே அவரோடு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு கிழக்கே போகின்றன. அந்தத் தீவின் கிழக்குக் கோடியில் வடக்கே செங்கரைப்பேட்டை, தெற்கே ஆலந்திட்டு. இரண்டுக்கும் எல்லை ஒரு வாய்க்கால் என்று எந்தக் காலத்திலோ எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவர்களுக்கு வாய்க்கால் இடம் மாறும் என்று தோன்றவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் அது பழைய தடத்தை விட்டுவிட்டு, தெற்கே தள்ளிப் புதிதாக ஒரு வழி அறுத்துக்கொண்டு ஓடியது. பழைய தடத்துக்கும் புதிய தடத்துக்கும் நடுவே, வண்டல் படிந்த அருமையான படுகை நிலம் சிக்கிக்கொண்டது. அதற்குப் பெயர் நடுவாந்திரம். பழைய வாய்க்கால்தான் எல்லை, ஆகவே நிலம் எங்களுடையது என்கிறது ஆலந்திட்டு. தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை, ஆகவே எங்களுடையது என்கிறது செங்கரைப்பேட்டை. வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு ஒன்று ஒரு ஊருக்குச் சாதகம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தீர்ப்பு ஒன்று மறு ஊருக்குச் சாதகம். ஆளுக்குத் தங்களுக்குப் பிடித்த தீர்ப்பை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊர்ச் சாவடியில் மாட்டியிருக்கிறார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எண்பதுகளில் ஒரு தை மாதம், நடுவாந்திரத்தில் குலை தள்ளி நின்ற வாழையை யார் வெட்டுவது என்று ஆரம்பித்து, அரிவாளில் போய் முடிந்தது. அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் செத்தார்கள். நில வழக்கு முடியும்வரை இரண்டு ஊர்க்காரர்களும் அந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை வந்தது. நாணல் மண்டியது, பாம்பு அடைந்தது. நல்ல நிலம் சும்மா கிடப்பதைப் பார்த்து இரு ஊருக்கும் வயிறு எரிந்தது. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது ஒன்றுதான். இரண்டு ஊரிலும் ஒட்டும் உறவும் இல்லாத ஒருவன் அங்கே குடியிருந்து பயிர் செய்யட்டும். ஆடி மாதம் இரண்டு ஊர் மாரியம்மனுக்கும் ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தால் போதும். முசிறிப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்திருந்த மூக்கன் அகப்பட்டார்.

அவர் கல்யாணத்துக்கும் அதே நிபந்தனை. பெண் இரண்டு ஊரிலும் இருக்கக் கூடாது, இரண்டு ஊருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. பாலக்கரையிலிருந்து குழலியக்கா வந்து சேர்ந்தார். வந்த மாதமே ஒரு கலவரம். குடிசைக்குத் தெற்கே பார்த்து ஒரு கதவுதான் இருந்தது. மூக்கன் வாசல் ஆலந்திட்டைப் பார்த்து இருக்கிறதே, அப்படியானால் அவன் ஆலந்திட்டுக் குடிதானே என்று செங்கரைப்பேட்டையில் கூட்டம் போட்டார்கள். மறுநாளே மூக்கன் வடக்குச் சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார். "புதுப்பொண்ணா வந்து நான் பார்த்த மொத வேலை அதாங்க, இடிச்ச மண்ணை அள்ளிக் கொட்டினது" என்றார் அக்கா. அன்றிலிருந்து பகலில் இரண்டு கதவும் திறந்தே இருக்கும். உப்பு ஒரு ஊரில் வாங்கினால் தீப்பெட்டி மறு ஊரில். ரேஷன் கார்டும் ஓட்டும் பாலக்கரையில், அண்ணன் வீட்டு விலாசத்தில். பிள்ளை இல்லை. வாரிசு இல்லாமல் போனதில் இரண்டு ஊருக்குமே உள்ளூர நிம்மதி என்று அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த இரண்டு ஊர் மேலும் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

நான் முதல் முறை போனபோது மூக்கன் நன்றாக இருந்தார். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, ஒடிசலான தேகம், கேலிப் பேச்சு. தெற்கு வாய்க்கால் அக்கரையில் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கு வாய்க்கால் அக்கரையிலும் ஒருவன் வந்து நின்றான். புது ஆள் யார் வந்தாலும் அப்படித்தானாம். சர்வேயரோ என்று சந்தேகமாம். மூக்கன் இரண்டு பேருக்கும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, "பேப்பர்ல கதை எழுதறவரு, ஒண்ணும் அளக்க மாட்டாரு" என்று கத்திச் சொன்னார். பிறகு என்னிடம், "நான் செத்தா என்னை ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி குடுத்துடச் சொல்லியிருக்கேன் இவகிட்ட" என்றார். அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கத்தில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

இத்தனை வருஷமும் அக்காவைக் காப்பாற்றியது ஒரே ஒரு சொல்: "ஆகட்டுங்க." பொங்கல் எங்கள் ஊர்க் கோயிலில்தான் வைக்க வேண்டும் என்பார்கள். ஆகட்டுங்க. மறு ஊரிலும் அதையே சொல்வார்கள். ஆகட்டுங்க. காலையில் ஒரு கோயில், சாயங்காலம் ஒரு கோயில், இரண்டு பொங்கலும் பொங்கிவிடும். அதிகாரி யாராவது வந்தால் எங்களிடம் சொல்லிவிடு என்பார்கள். ஆகட்டுங்க. ஒரு ஊர் டீக்கடையில் இன்றைக்கு, மறு ஊர் டீக்கடையில் நாளைக்கு. அவர் யாருக்கும் பொய் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் மறுநாள் என்று ஒன்று இருந்ததால் இரண்டு பேருக்கும் நல்லவராகவே இருந்துவிட முடிந்தது.

மாசியில் மூக்கன் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஊருக்கும் தெரிந்தது.

அதே மாதத்தில்தான் புது விசாரணைக்கு நோட்டீஸும் வந்திருந்தது. பழைய காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால், அந்த நிலம் எந்த ஊரின் அனுபவத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவு செய்யப் போகிறார்களாம். இரண்டு ஊர் வக்கீல்களும் ஒரே யோசனையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஒரு ஊரின் இடுகாட்டில் அந்த ஊர்க் குடிக்கு மட்டும்தான் இடம். வெளியூர்ப் பிணத்துக்கு இடம் கிடையாது. அப்படியானால் மூக்கனை எந்த ஊர் இடுகாட்டில் புதைக்கிறார்களோ, அவர் அந்த ஊர்க் குடி. அவர் அந்த ஊர்க் குடி என்றால், இத்தனை காலம் அவர் குடியிருந்த மண்ணும் அந்த ஊர் மண். வெள்ளைக்காரன் தீர்ப்பால் முடியாதது ஒரு கூலிக்காரன் பிணத்தால் முடிந்துவிடும் என்று இரு ஊரும் நம்பின.

நோயாளியைப் பார்க்கப் போவதற்குத் தடை இல்லை என்று சொல்லிக்கொண்டு, செங்கரைப்பேட்டை ஊராட்சித் தலைவர் வேணுகோபால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வடக்குக் கதவில் வந்து நின்றார். ஆலந்திட்டுத் தலைவர் அருள்ராஜ் தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி வந்து தெற்குக் கதவு வழியாக உள்ளே போட்டார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எண்பதுகளில் செத்த ஒருவர் வேணுகோபாலின் சித்தப்பா. இன்னொருவர் அருள்ராஜின் அப்பா. அப்போது அருள்ராஜ் கைக்குழந்தை. நடுவாந்திரத்தை விட்டுக் கொடுத்தால் அப்பா எதற்குச் செத்தார் என்று அவர் அம்மா கேட்பாராம். ஆனால் கட்டிலில் கிடந்த மனிதரின் மூச்சை இரண்டு பேரும் கவனித்த விதத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

"ஒண்ணும் கவலைப்படாதே குழலி. அண்ணனுக்கு ஒண்ணுன்னா எல்லாக் காரியமும் நம்ம ஊர்லதான்" என்றார் வேணுகோபால். அக்கா ஆகட்டுங்க என்றார். இரண்டு நாள் கழித்து அருள்ராஜ் வந்து, மேளம் முதற்கொண்டு ஊர் பொறுப்பு, உனக்கும் எங்கள் ஊரில் ஒரு காலனி வீடு என்றார். அதற்கும் ஆகட்டுங்க என்றார். பழக்க தோஷம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

பங்குனிக் கடைசியில் ஆலந்திட்டு இடுகாட்டில் புதிதாக ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கேட்டதற்குத் தண்ணீர்த் தொட்டிக்கு என்றார்கள். அதே வாரம் செங்கரைப்பேட்டையிலும் ஒரு குழி. அங்கே தென்னங்கன்று வைக்கப் போகிறார்களாம். ஆறடி நீளக் குழியில் தென்னங்கன்று. உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு இரண்டு ஊரில் குழி தயார். அக்கா இரண்டையும் போய்ப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று.

வழக்கு விசாரணைக்கு முன்னால் நடுவாந்திரத்தின் இரண்டு பக்கமும் போலீஸ் கூடாரம் போட்டாயிற்று. செங்கரைப்பேட்டைப் பக்கம் ஒரு இரவில் வாழை வெட்டப்பட்டது. மறுவாரம் ஆலந்திட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகை எரிந்தது. மெஸ்ஸுக்கு இலை கொடுக்க வந்த அக்காவைப் பிடித்து உட்கார வைத்து, மூக்கனைப் பாலக்கரைக்குக் கொண்டு போய்விடுங்கள், அண்ணன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், என்ன நடந்தாலும் டவுனிலேயே முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனையாகத் தோன்றியது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிய போனா திரும்பி உள்ள வர முடியாதுங்க. ஊரு வாக்கு குடுத்தது அவருக்கு. அவரு போயிட்டா நான் யாரு அங்க? நான் அப்படிக் காலை வெளிய வெச்ச அன்னைக்கே குடிசையைப் பிரிச்சிடுவாங்க. எந்த ஊருக்காரங்க பிரிக்கறதுன்னு மட்டும்தான் சண்டை." முழங்காலை நீவிக்கொண்டே, "ரெண்டுல ஒண்ணுக்குக் கொண்டு போனேன்னா மத்த ஊருல வெட்டு விழும். முன்னாடி ரெண்டு பேரு போயிட்டாங்க. இவரு சாவுல இன்னொருத்தரு சாகணுமா?" என்றார். ஸ்ரீநாத் உள்ளே போய் அவருக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தார். வழக்கமாக வேலை செய்கிறவர்களை விட்டுத்தான் கொடுப்பார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஸ் காலியாகிற நேரம். ஸ்ரீநாத்தின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு இலை வராது, வேற எடத்துல சொல்லிக்குங்கோங்கறா. ஏம்மான்னா, அவரு போயிட்டாருங்கறா" என்றார். அவர் கண் கலங்கி இருந்தது.

நாங்கள் ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் செய்தி பரவியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அக்கா வாய்விட்டு அழவுமில்லை. அழுதால் கூட்டம் வரும் என்று அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் மூக்கனைக் குளிப்பாட்ட வேண்டும் என்று இரண்டு கதவையும் சாத்தியிருக்கிறார். பட்டப்பகலில் இரண்டு கதவும் சாத்தியிருந்தால் வேறு என்ன? வடக்குக் கரையில் செங்கரைப்பேட்டை திரண்டு நின்றது. தெற்குக் கரையில் ஆலந்திட்டு. இரண்டு பக்கமும் பாடை கட்டித் தயாராக இருந்தது, இரண்டு பக்கமும் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே சாவுக்கு இரண்டு பறை அடித்து நான் கேட்டதில்லை. ஒன்றையொன்று விழுங்கப் பார்த்தது அந்தச் சத்தம். கூட்டத்தில் பின்வரிசைக்காரர்கள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். எதை மறைக்கிறார்கள் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நடுவில் குடிசை. குடிசைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் பானுமதியும் பத்துப் பதினைந்து போலீஸ்காரர்களும். பானுமதி இரண்டு தலைவர்களையும் மட்டும் தனியாகக் குடிசை வாசலுக்கு வரச் சொன்னார். மறு ஊர்த் தலைவர் அந்த நிலத்தில் கால் வைத்ததைப் பார்த்ததும் இரண்டு கூட்டமும் ஓரடி முன்னால் வந்தது. ஒரு கல் பறந்து வந்து கூரையில் விழுந்தது. எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை.

அக்கா வெளியே வந்தார். தலைமுடி ஈரமாக முதுகில் ஒட்டியிருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. எடுக்க வேண்டியவர்கள் யாரும் வந்து சேரவில்லை. வேணுகோபால் தாழ்ந்த குரலில், நேரமாகிறது, நம் ஊருக்கு எடுத்துவிடலாம், நீ சொன்னபடி எல்லாம் தயாராக இருக்கிறது என்றார். அருள்ராஜ் திரும்பிப் பார்த்தார். என்னிடமல்லவா சொன்னாள் என்றார். இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. வேணுகோபாலுக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்களை வெச்சு விளையாடினியா நீ?" என்றார்.

"சொன்னேன் அண்ணே. ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன்" என்றார் அக்கா. "இவரு ஒருத்தருதானே இருக்காரு. நான் என்ன செய்ய?"

பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. குடிசையின் ஓரமாகப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். வாசலுக்கு எதிரே, பூவன் வாழைக்கு அப்பால், வெறும் தரையாக இருந்த இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினார். இரண்டாவது வெட்டுக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பறை ஒரு பக்கம் நின்றது. மறு பக்கம் கொஞ்ச நேரம் தனியாக அடித்துவிட்டு அதுவும் நின்றது.

பானுமதி வேகமாகப் பக்கத்தில் போனார். அதட்டவில்லை, அந்த அம்மாளுக்கும் மனசு இருந்தது. "அப்படியெல்லாம் சொந்தமாப் புதைக்க முடியாதும்மா. இடுகாடு இல்லாத எடத்துல புதைக்கணும்னா ஊராட்சியில எழுதி வாங்கணும்" என்றார்.

அக்கா மண்வெட்டியை நிறுத்தி, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"எந்த ஊராட்சிங்க?"

பானுமதி வாயைத் திறந்தார். வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். ஒரு விநாடி எனக்கும் இது வெகுளியான கேள்வி என்றுதான் பட்டது. அதற்குள் வேணுகோபால் முந்திக்கொண்டு, நான் எழுதித் தருகிறேன், இப்போதே தருகிறேன் என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். அருள்ராஜ் அவர் கையைப் பிடித்துவிட்டார். எங்கள் மண்ணில் புதைக்க அனுமதி கொடுக்க இவன் யார் என்று கத்தினார். பானுமதி இருவருக்கும் நடுவில் புகுந்து கையைப் பிரித்தார். அனுமதி என்று யாரிடம் வாங்கினாலும் நிலம் அவருடையது என்று போலீஸே ஒப்புக்கொண்டதாகிவிடும். கூடாது என்று யார் சொன்னாலும் அப்படியே. நூறு வருஷமாக எங்களுடையது எங்களுடையது என்று கூவிய இரண்டு ஊரில், ஒரு பெண்பிள்ளை தன் புருஷனுக்குக் குழி வெட்டுவதைத் தடுக்க அதிகாரம் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு வாழை மரத்தடிக்குப் போய் மேலதிகாரியிடம் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே இருந்தார்.

"நீங்க பேசி முடிங்க. அதுவரைக்கும் நான் வெட்டறேன்" என்றார் அக்கா.

வெட்டினார். வண்டல் மண் என்றாலும் மண் மண்தான். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகும்போது மூச்சு வாங்கியது. நான் போய் மண்வெட்டிக்குக் கையை நீட்டினேன். தலையை ஆட்டினார். ஸ்ரீநாத் பூணூலை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவரையும் வேண்டாம் என்றுவிட்டார். யார் தொட்டாலும் நாளைக்கு இன்னார் தூண்டிவிட்டார் என்று பேச்சாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வடக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் அத்தனை பேர் நின்றார்கள். யாரோ ஒரு பெண்பிள்ளை மட்டும் அழுதாள். எந்தக் கரையில் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேணுகோபால் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அருள்ராஜ் நின்றபடியே குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா விழுந்த இடம் எது என்று அவருக்கு யாராவது காட்டியிருப்பார்களா என்று எனக்குத் தோன்றியது.

வெயில் தாழ்ந்தது. குழி அக்காவின் இடுப்பளவுக்கு வந்தது. மண்வெட்டியை மேலே எடுத்து வைத்தார். முந்தானையை உதறி மறுபடி இழுத்துச் செருகினார். பிறகு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, குழிக்குள் அப்படியே மல்லாந்து படுத்தார். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காலை நீட்டினார். பாதம் ஒரு பக்கம் மண்ணில் முட்டியது. உச்சந்தலை மறு பக்கம் முட்டியது. மூக்கன் அவரைவிட ஒரு தலை உயரம். அக்கா எழுந்தார். கூந்தலில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டிக்கூட விடாமல் மண்வெட்டியை எடுத்து, தலைமாட்டுப் பக்கம் இன்னும் ஒரு சாண் வெட்டத் தொடங்கினார்.